விற்ற காரும் விடாத பொறுப்பும்

வீட்டிலுள்ள ஒரு மேசையையோ ஒரு தையல் இயந்திரத்தையோ விற்றுவிட்டால் அத்துடன் நமது தொடர்பு அறுந்துவிடுகின்றது. அதனை வாங்கியவர் அதை வைத்து என்ன செய்தாலும் நம்மை எவரும் கேட்கப்போவதில்லை. ஆனால் மோட்டார் வாகனம் அத்தகைய பொருளன்று. அது வீதியில் ஓடுகின்றது. ஓடும்போது பிறரின் உயிருக்கும் உடலுக்கும் சேதம் விளைவிக்கும் வல்லமை அதற்கு உண்டு. அதனாலேயே அரசாங்கம் அதற்கு ஓர் இலக்கத்தைக் கொடுத்து, அந்த இலக்கத்துக்கு எதிரே ஒருவரின் பெயரை எழுதி வைத்திருக்கின்றது. வாகனம் கைமாறியும் பெயர் மாறாதிருக்குமாயின் பொறுப்பு எங்கே நிற்கின்றது என்பதே இன்று நாம் எழுப்ப விரும்பும் கேள்வியாகும்.

இக்கேள்வியை இப்போது எழுப்புவதற்குக் காரணம் உண்டு. அந்நியச் செலாவணி நெருக்கடியின் விளைவாக 2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனை வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரி 1ஆம் திகதியே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளாகப் புதிய வாகனம் வராத நாட்டில் பழைய வாகனங்கள் தங்கத்தைப் போல மதிக்கப்பட்டன. கையிலிருந்த காரை விற்றால் இன்னொன்று வாங்க முடியாது என்ற அச்சத்தில் பலரும் பழையதைப் பழுதுபார்த்து வைத்துக்கொண்டனர். இறக்குமதி மீண்டும் தொடங்கிய பின்னர் வசதியுள்ளோர் வேறு வாகனத்துக்கு மாறத் தொடங்கியுள்ளனர். அவர்கள் கழித்துவிடும் பழைய கார்களும் வேன்களும் அடுத்த படியிலுள்ள குடும்பங்களைத் தேடிச் செல்கின்றன.

ஊவா மாகாணத்தில் இந்த அடுத்த படி எதுவென்று நாம் விளக்க வேண்டியதில்லை. பதுளை நகரிலோ பண்டாரவளையிலோ ஒரு வர்த்தகர் அல்லது அரச உத்தியோகத்தர் கழித்துவிடும் மாருதி காரோ பழைய வேனோ பசறைக்கும் லுணுகலைக்கும் மடுல்சீமைக்கும் நமுனுகுலைக்கும் ஹாலி-எலைக்கும் அப்பாலுள்ள தோட்டமொன்றுக்குப் போய்ச் சேருகின்றது. கொழும்பிலோ மத்திய கிழக்கிலோ உழைத்துச் சேமித்த பிள்ளைகள் தோட்டத்திலிருக்கும் பெற்றோருக்காக வாங்குகின்றனர். சிலர் கூட்டாகப் பணம் போட்டு வாங்கி, பாடசாலைப் பிள்ளைகளையும் நோயாளிகளையும் ஏற்றி இறக்கிச் சிறு வருமானம் தேடுகின்றனர். நாளாந்த அடிப்படைச் சம்பளத்தை 1,350 ரூபாவாக்குவதற்கே 2024ஆம் ஆண்டு செப்டெம்பர் வரை போராட வேண்டியிருந்த ஒரு சமூகத்துக்கு, வாசலில் நிற்கும் ஒரு பழைய வேன் பெரும் முன்னேற்றத்தின் அடையாளம். அதில் குறைகாண எவருக்கும் உரிமையில்லை. அந்த வேன் எந்தக் காப்புறுதியின் கீழ், எவரது பெயரில் ஓடுகின்றது என்பதையே நாம் கவனிக்க வேண்டியுள்ளது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஹாலி-எலையில் வசிக்கும் ஓர் ஆசிரியர் பதினைந்து ஆண்டுகளாக ஒரு காரை வைத்திருக்கின்றார். இப்போது வேறொரு கார் வாங்குகின்றார். காப்புறுதிக் கம்பனிக்குச் சென்று, பல ஆண்டுகளாக நட்டஈடு கோராமல் தாம் சேர்த்துவைத்த கழிவையும் காப்புறுதியையும் புதிய காருக்கு மாற்றித் தருமாறு கேட்கின்றார். அவ்வாறே மாற்றப்படுகின்றது. அந்தக் கழிவு வாகனத்துக்கு உரியதன்று, அதன் உரிமையாளருக்கே உரியது என்பதால் அவர் கேட்டது நியாயமே. ஆனால் அந்த நிமிடத்திலிருந்து அவரது பழைய கார் எந்தக் காப்புறுதியும் இன்றி நிற்கின்றது என்பதை அவர் எண்ணிப்பார்ப்பதில்லை. முன் கண்ணாடியில் வருமான அனுமதிப்பத்திரம் ஒட்டப்பட்டிருக்கின்றது. அதன் திகதியும் முடியவில்லை. ஆகவே எல்லாம் சரியென்றே தோன்றுகின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருவர் அந்தக் காரைப் பார்க்க வருகின்றார். 'ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாமா, சேர்?' என்று கேட்கின்றார். ஆசிரியர் சாவியைக் கொடுக்கின்றார். மலைப்பாதையின் வளைவொன்றில் எதிரே வந்த மோட்டார் சைக்கிளில் கார் மோதுகின்றது. இப்போது அடிபட்டவரின் வைத்தியச் செலவை யார் கொடுப்பது? காப்புறுதிக் கம்பனி கைவிரித்துவிடும். ஓட்டியவரிடம் பணமில்லை. ஆசிரியர் தமது சேமிப்பையும் ஒருவேளை புதிய காரையுமே இழக்க நேரிடலாம்.

நமது நாட்டின் சட்டம் இவ்விடயத்தில் தெளிவாகவே உள்ளது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனப் போக்குவரத்துச் சட்டத்தின் 99ஆம் பிரிவு, மூன்றாந்தரப்பினருக்கு ஏற்படும் ஆபத்துகளுக்கான காப்புறுதி நடைமுறையில் இல்லாமல் எவரும் வீதியில் வாகனத்தைப் பயன்படுத்தலாகாது என்று கூறுகின்றது. தாமே ஓட்டுவது மட்டுமன்றிப் பிறரை ஓட்டவிடுவதும் தவறே. விற்பனைக்கு வைத்த வாகனம் என்றோ, ஒரு மைல் தூரம்தான் என்றோ இதற்கு விலக்கு இல்லை. இந்தக் குற்றத்தின் பாரதூரத்தை உணர்ந்தே, 2016 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், காப்புறுதியின்றி வாகனம் செலுத்துவதற்கு 25,000 ரூபா தண்டப்பணம் விதிக்க முன்மொழியப்பட்டது. அப்போது அதற்கெதிராக எழுந்த ஆரவாரத்தில், தண்டப்பணத்தின் தொகை பற்றிப் பேசிய அளவுக்கு அக்குற்றத்தால் பாதிக்கப்படுவோர் பற்றி எவரும் பேசவில்லை.

காப்புறுதி பற்றி நம்மிடையே நிலவும் முதலாவது தவறான எண்ணம், அது வாகனத்துடன் ஒட்டிக்கொண்டு செல்வது என்பதாகும். உண்மையில் காப்புறுதி என்பது கம்பனிக்கும் ஒரு குறிப்பிட்ட நபருக்கும் இடையிலான உடன்படிக்கை. அவரது வயது, தொழில், விபத்து வரலாறு, வாகனத்தை அவர் எதற்குப் பயன்படுத்துகின்றார் என்பவற்றைக் கருத்திற்கொண்டே கம்பனி அதை ஏற்றுக்கொள்கின்றது. கம்பனியின் சம்மதமின்றி அதை இன்னொருவருக்குக் கையளிக்க இயலாது.

இது நேற்று இன்று எழுந்த சிக்கலன்று. இங்கிலாந்தில் மூன்றாந்தரப்புக் காப்புறுதி 1930ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்ட காலத்திலேயே நீதிமன்றங்கள் இதனை எதிர்கொண்டன. 1931இல் பிரபுக்கள் சபை தீர்த்த ரோஜர்சன் வழக்கில், பழைய காருக்குப் பதிலாக வேறொரு கார் வாங்கிய ஒருவர், பழைய காருக்கு எடுத்திருந்த காப்புறுதி புதிய காருக்கும் பொருந்தும் என்று வாதிட்டார். அவர் எந்தக் காருக்காகக் காப்புறுதி செய்தாரோ அந்தக் கார் அவர் கையைவிட்டுப் போனதுடன் அந்தப் பாதுகாப்பும் போய்விட்டது என்பதே தீர்ப்பாக அமைந்தது. 1938இல் தீர்க்கப்பட்ட பீட்டர்ஸ் வழக்கு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. அங்கே விற்றவர் தமது காப்புறுதிப் பத்திரத்தையும் வாங்கியவரிடம் கொடுத்துவிட்டார். விலையில் ஒரு பகுதி இன்னும் செலுத்தப்படாமல் இருந்தது. வாங்கியவர் விபத்தை ஏற்படுத்தியபோது, அவர் விற்றவரின் அனுமதியுடன் ஓட்டினார், ஆகவே காப்புறுதி பொருந்தும் என்று வாதிடப்பட்டது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வாங்கியவர் பிறரின் அனுமதியில் ஓட்டவில்லை, தமக்குச் சொந்தமான வாகனத்தையே ஓட்டினார். சொந்தக்காரருக்கு எவரது அனுமதியும் வேண்டியதில்லை. ஆகவே அனுமதி பெற்ற சாரதிக்குரிய பாதுகாப்பு அவருக்கு இல்லை என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

இலண்டனில் நடந்த வழக்கு பதுளைக்கு எவ்வாறு பொருந்தும் என்று வாசகர்கள் கேட்கலாம். 1852ஆம் ஆண்டின் குடியியல் சட்டக் கட்டளைச் சட்டத்தின் வழியாக ஆயுட் காப்புறுதி, தீக்காப்புறுதி உள்ளிட்ட பல வணிக விடயங்களில் ஆங்கிலச் சட்டம் இந்நாட்டுக்குள் புகுந்தது. நமது மோட்டார்க் காப்புறுதிப் பத்திரங்களின் வாசகங்களும் ஆங்கிலேய முறையைப் பின்பற்றி எழுந்தவையே. ஆதலால் அந்தத் தீர்ப்புகளின் தர்க்கம் நம் வீட்டு வாசலுக்கும் வந்து சேருகின்றது. பத்திரத்தைக் காரோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன், இன்னும் ஆறு மாதம் இருக்கின்றது என்று விற்பவர் சொல்வதும், அதை நம்பி வாங்குபவர் மகிழ்வதும் வெறும் காகிதத்தைக் கைமாற்றிக்கொள்வதேயன்றி வேறில்லை.

இரண்டாவது தவறான எண்ணம் இதனிலும் பாரதூரமானது. 'ஓபன் பேப்பர்' என்று நம்மவர் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் வழக்கமே அது. உரித்து மாற்றப் பத்திரத்தில் விற்பவர் கையொப்பமிட்டு, வாங்குபவரின் பெயரையும் திகதியையும் எழுதாமல் விட்டுக் கொடுத்துவிடுகின்றார். வாங்குபவர் அதைத் தமது பெயருக்கு மாற்றாமல் வைத்திருந்து, நல்ல விலை வந்ததும் அதே பத்திரத்துடன் அடுத்தவருக்கு விற்கின்றார். தரகர்களுக்கும் வாகன விற்பனை நிலையங்களுக்கும் இது வசதியானது. கட்டணம் மிச்சம், அலைச்சல் மிச்சம், பதிவுப் புத்தகத்தில் உரிமையாளர் எண்ணிக்கையும் கூடுவதில்லை. ஆனால் சட்டமோ, வாகனம் கைமாறி 14 நாட்களுக்குள் அதனை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்கின்றது. புதியவர் பதிவுக்கு விண்ணப்பிக்கும் கடமையைப் போலவே, பழையவர் அறிவிக்கும் கடமையும் உண்டு. இதனை வாங்கியவரின் வேலை என்று விட்டுவிடுவோரே நம்மில் அதிகம்.

இதன் விளைவை அண்டை நாட்டின் உச்ச நீதிமன்றம் 2018 பெப்ரவரியில் வெளிச்சமிட்டுக் காட்டியது. ஒரு கார் பதிவுப் புத்தகத்தில் பெயர் மாறாமலேயே ஒருவர் பின் ஒருவராகப் பல கைகள் மாறியிருந்தது. 2009இல் அது விபத்தில் சிக்கி ஒருவர் உயிரிழந்தார். எப்போதோ விற்றுவிட்டேன், எனக்கும் அந்தக் காருக்கும் சம்பந்தமில்லை என்று முதல் உரிமையாளர் வாதிட்டார். பதிவேட்டில் எவரது பெயர் உள்ளதோ அவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர். பாதிக்கப்பட்ட ஏழைக் குடும்பம் ஒவ்வொரு கையாகத் தேடி அலைய வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்ற கருத்தில் நீதிமன்றம் அவரைப் பொறுப்பாளியாக்கியது. இந்தியச் சட்டமும் நமது சட்டமும் ஒன்றல்ல. இங்கு வாகன உரிமையாளரின் பொறுப்பு, ஓட்டியவர் அவரது ஊழியரா, அவருக்காக ஓட்டினாரா என்பவற்றையும் பொறுத்தது. ஆயினும் விபத்து நடந்ததும் பொலிஸார் முதலில் தேடி வருவதும், நீதிமன்ற அழைப்பாணை முதலில் போய்ச் சேருவதும் பதிவேட்டிலுள்ள பெயருக்கே என்பதில் இரு நாடுகளுக்கும் வேற்றுமை இல்லை. நான் விற்றுவிட்டேன் என்று நிரூபிக்கும் சுமை அவர் தலையில் விழுகின்றது. திகதியில்லாத பத்திரத்தைக் கொடுத்தவர் எந்தத் திகதியைக் காட்டி நிரூபிப்பார்?

ஊவாவின் மலைப்பாதைகளை அறிந்தவர்களுக்கு இவை ஏட்டுச் சட்டமாகத் தோன்றாது. 2021 மார்ச் 20ஆம் திகதி லுணுகலையிலிருந்து புறப்பட்ட தனியார் பஸ் பசறையில் பள்ளத்தில் விழுந்து பல உயிர்களைப் பறித்தது. 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி எல்ல–வெல்லவாய வீதியில் சுற்றுலா வந்த பஸ் பள்ளத்தாக்கில் பாய்ந்ததில் 15 பேர் மாண்டனர். அவை பெரிய விபத்துகள். ஆதலால் நாடு அறிந்தது. ஒரு பழைய வேன் பிரேக் பிடிக்காமல் தேயிலை மலைச் சரிவில் உருண்டு, கொழுந்து நிறுத்துவிட்டு வீடு திரும்பும் ஒரு பெண்ணின் காலை முறித்தால் அது செய்தியில் ஒரு மூலையில்கூட இடம்பெறுவதில்லை. அந்தப் பெண்ணுக்கு நட்டஈடு கிடைக்குமா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது, அந்த வேனைச் சில மாதங்களுக்கு முன் விற்றவரும் வாங்கியவரும் பத்து நிமிடம் செலவிட்டுச் செய்திருக்க வேண்டிய ஒரு காரியமே. மூன்றாந்தரப்புக் காப்புறுதி வாகன உரிமையாளருக்காக மட்டும் ஏற்பட்டதன்று. வாகனமே இல்லாத, வீதியோரம் நடந்து செல்பவருக்காகவே அது முதன்மையாக ஏற்பட்டது. தோட்ட மக்களில் பெரும்பாலோர் இன்றும் நடந்து செல்பவர்களே.

வாங்குபவர் தரப்பில் இன்னொரு பொறியும் உண்டு. தனிப்பட்ட பாவனைக்கென எடுத்த காப்புறுதியில், வாடகைக்கு ஆட்களை ஏற்றுவதும் வாகன வியாபாரத் தொழில் தொடர்பாகப் பயன்படுத்துவதும் பொதுவாக விலக்கப்பட்டிருக்கும். ஆகவே பழைய வேனை வாங்கிப் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுபவர், தமது பெயரில் காப்புறுதி எடுத்திருந்தாலும் உண்மையான பாவனையைக் கம்பனியிடம் சொல்லாதிருந்தால் விபத்தின்போது கைவிடப்படலாம். விற்றுத் தருமாறு கூறிக் காரை விற்பனை நிலையத்தில் ஒப்படைப்பவரும், அங்குள்ளவர்கள் அதை ஓட்டும்போது தமது காப்புறுதி பொருந்துமா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டறிய வேண்டும்.

வீட்டு முற்றத்தில் சும்மா நிற்கும் காருக்கு என்ன ஆபத்து என்று சிலர் கேட்கலாம். வீதியில் இறக்கப்போவதில்லை என்றால் மூன்றாந்தரப்புக் காப்புறுதி கட்டாயமில்லை என்பது உண்மை. ஆனால் மலைநாட்டில் நிற்கும் வாகனத்துக்கும் ஆபத்து உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை விழுங்கிய மண்ணையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி பதுளை மாவட்டத்தில் ஏற்படுத்திய அழிவையும் கண்ட நாம், மண்சரிவும் வெள்ளமும் மரம் முறிந்து விழுதலும் அரிதானவை என்று சொல்ல முடியாது. இத்தகைய சேதத்தை மூன்றாந்தரப்புக் காப்புறுதி ஈடுசெய்யாது. முழுக்காப்புறுதியிலும் இயற்கை அனர்த்தம் சேர்க்கப்பட்டிருக்கின்றதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். விற்கும் வரை மூன்றாந்தரப்பு போதுமா, முழுக்காப்புறுதி வேண்டுமா என்பது காரின் பெறுமதியையும், அது போய்விட்டால் தாங்கிக்கொள்ளும் வலிமையையும் பொறுத்த முடிவு. எதுவுமே வேண்டாம், ஆனால் அவ்வப்போது எடுத்து ஓட்டுவேன் என்பது மட்டும் முடிவாகாது.

அப்படியாயின் செய்ய வேண்டியது என்ன? புதிய வாகனம் வாங்கும் அன்றே, பழையதற்கு என்ன ஆகின்றது என்று கம்பனியிடம் கேட்க வேண்டும். கழிவைப் புதியதற்கு மாற்றினாலும், பழையதற்கு விற்கும் வரையேனும் ஒரு மூன்றாந்தரப்புக் காப்புறுதியை வைத்திருப்பது, வரக்கூடிய இழப்போடு ஒப்பிடுகையில் அற்பச் செலவே. வீதியில் இறக்கும் எண்ணமே இல்லையாயின் சாவியைப் பூட்டி வைத்து, வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் பொறுப்பான பிரதேச செயலகத்தில் பாவனையில் இல்லை என்று அறிவித்துவிடலாம். பார்க்க வருபவருக்குச் சாவியைக் கொடுக்கும் முன் அவரது சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பார்க்க வேண்டும்; கூடவே போகவும் வேண்டும்.

விலை பேசி முடிந்ததும், வாங்குபவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், விலாசம், வாகனம் கையளிக்கப்பட்ட திகதி, மணி நேரம் ஆகியவற்றை எழுதி இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். மணி நேரத்தையும் எழுதச் சொல்வது மிகையன்று. மாலை நான்கு மணிக்கு விற்ற கார் ஐந்து மணிக்கு விபத்துக்குள்ளானால் அந்த ஒரு மணித்தியாலமே வழக்கின் முடிவாகிவிடும். உரித்து மாற்றப் பத்திரத்தில் எந்த இடத்தையும் வெறுமையாக விடலாகாது. லீசிங் தவணை முடியாத வாகனமாயின், பதிவில் முழு உரிமையாளராக இருப்பது லீசிங் கம்பனியே. அதன் சம்மதமின்றி விற்பனையே இல்லை. 14 நாட்களுக்குள் திணைக்களத்துக்கு அறிவிப்பதை விற்பவர் தமது கடமையாகவே கொள்ள வேண்டும். பின்னர் கம்பனிக்கு எழுதிக் காப்புறுதியை நிறுத்தி, சான்றிதழைத் திருப்பி ஒப்படைத்து, எஞ்சிய காலத்துக்கு மீளக் கிடைக்கக்கூடிய தொகையைக் கேட்டுப் பெறலாம். வாங்குபவரோ, தமது பெயரில் காப்புறுதிச் சான்றிதழ் கைக்கு வரும் முன் வாகனத்தை எடுத்துச் செல்லலாகாது. சாதாரண காப்புறுதியாயினும் தகாபுல் முறையாயினும் இந்த ஒழுங்கில் மாற்றமில்லை.

இவ்வளவையும் தனிமனிதர் தலையில் சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வது நியாயமாகாது. தோட்டத்திலிருந்து ஒருவர் பெயர் மாற்றத்துக்காகப் பதுளைக்கு வருவதென்றால் ஒரு நாள் சம்பளத்தை இழக்கின்றார். ஒரு பத்திரம் குறைந்தால் இன்னொரு நாள். படிவத்தைத் தமிழில் விளக்குவார் இல்லையெனில் தரகரிடமே போகின்றார். தரகர் ஓபன் பேப்பரை நீட்டுகின்றார். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனால் உரிமை அரசியலமைப்பில் இருப்பதும் கருமபீடத்தில் கிடைப்பதும் வேறு வேறு என்பதை மலையக மக்கள் நன்கறிவர். லயக் குடியிருப்புகளில் தனித்தனி விலாசம் இல்லாமையால், தோட்டக் காரியாலயத்துக்கு வரும் கடிதம் உரியவரைச் சேருவதற்குள் தவணை கடந்துவிடும் அவலமும் உண்டு. திணைக்களம் மாதத்தில் ஒரு நாளாவது பசறை, வெலிமடை, ஹப்புத்தளை போன்ற இடங்களுக்குத் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர்களுடன் நடமாடும் சேவையாக வருமாயின், ஓபன் பேப்பர் வழக்கம் தண்டப்பணத்தால் குறைவதைவிட விரைவாகக் குறையும்.

சட்டம் இயற்றுவோரும் இந்தியாவின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 157ஆம் பிரிவை நோக்க வேண்டும். அங்கு வாகனம் கைமாறும்போது காப்புறுதியும் புதிய உரிமையாளருக்கு மாறியதாகவே கருதப்படுகின்றது; அவர் 14 நாட்களுக்குள் தமது பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். வாகனத்துக்கு ஏற்படும் சேதத்துக்கு அது உதவாவிடினும், வீதியில் அடிபடும் மூன்றாம் ஆள் இருவருக்கிடையே விழுந்து அநாதையாவதில்லை. கம்பனிகள் இதனை எதிர்க்கக்கூடும். தாம் அறியாத ஒருவரின் ஆபத்தை ஏன் ஏற்க வேண்டும் என்று கேட்கக்கூடும். அவர்களது கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் விற்ற நாளிலிருந்து 14 நாட்களுக்கு மட்டும், மூன்றாந்தரப்பினரின் உயிருக்கும் உடலுக்கும் மட்டும் அந்தப் பாதுகாப்பு நீடிக்கும் என்று விதித்தால், அதற்கான சிறு மேலதிகச் செலவை எல்லாக் காப்புறுதியாளரும் பகிர்ந்துகொள்ளலாம். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இதனை ஆராய்வதற்குத் தடையேதும் இருப்பதாக நாம் கருதவில்லை. அத்துடன், ஒரு வாகனத்தின் காப்புறுதி புதியதற்கு மாற்றப்படும்போது பழையது இன்றிலிருந்து காப்புறுதியற்றது என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய ஒரு சிறு துண்டைக் கொடுப்பதற்குக் கம்பனிகளுக்குச் சட்டமே தேவையில்லை, மனம் போதும்.

பதுளையிலும் பண்டாரவளையிலும் குருத்தலாவையிலும் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவருக்கொருவர் வாகனம் விற்று வாங்குவது பெரும்பாலும் வாய்ச்சொல்லை நம்பித்தான். தெரிந்த மனிதர், நானாவிடம் வாங்கியது, மாஸ்டரிடம் வாங்கியது என்ற நம்பிக்கையே பத்திரமாகின்றது. அந்த நம்பிக்கை நமது சொத்து. அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தவணைக் கடனை எழுதிக்கொள்ளுமாறும், கொடுக்கல் வாங்கலுக்குச் சாட்சி வைத்துக்கொள்ளுமாறும் பணித்த திருக்குர்ஆன், மனிதர் ஒருவரையொருவர் நம்பலாகாது என்பதற்காக அவ்வாறு பணிக்கவில்லை. வள்ளுவர் வணிகருக்குரிய ஒழுக்கத்தை நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்ததும் இலாபக் கணக்குக்காக அன்று. எழுதி வைப்பது அவநம்பிக்கையின் அடையாளமன்று. நாளை ஒரு விபத்து நேர்ந்தால் நட்பு வழக்காக மாறாமல் காக்கும் வேலி அது.

பழைய காரை விற்பவர் அதன் எஞ்சினிலும் டயரிலும் உள்ள குறைகளைச் சொல்லி விற்பதைத் தமது நேர்மையின் அளவாகக் கொள்கின்றார். அந்தக் கார் இன்று காப்புறுதி அற்றது என்பதும் சொல்ல வேண்டிய குறைதான். அதைச் சொல்லாமல் சாவியைக் கொடுப்பவர், வாங்குபவரை மட்டுமன்றி, வளைவுக்கு அப்பால் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நடந்து வரும் முகமறியாத ஒருவரையும் ஆபத்தில் தள்ளிவிடுகின்றார். விற்பனை எழுத்தில் முடிந்து, பெயர் பதிவேட்டில் மாறி, வாங்கியவரின் பெயரில் காப்புறுதி நடைமுறைக்கு வந்த பின்னரே அந்தக் கார் நம் வாசலைவிட்டுப் போனதாகக் கொள்ள வேண்டும்.